செந்துறை ரோட்டிலிருந்து நூற்றிருபது அடி

1947 ஜூன் 9, திங்கள்

இன்று இரண்டு பிரசவம் பார்த்தேன். இரண்டும் பெண். இரண்டும் சுகம்.

வீடு திரும்பினால் மேஸ்திரி கையில் ஒரு கார்டு. சிறுவாச்சூரிலிருந்து மாப்பிள்ளை வெள்ளைச்சாமி எழுதியிருக்கிறார். சாந்தா முழுகாமல் இருக்கிறாள், நாலாம் மாசம். தலைப்பிரசவத்துக்கு இங்கே அனுப்புவதாக அவர்கள் வீட்டில் பேச்சு.

கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். காலையிலேயே காட்டிய மாடு அது. அதுவும் மரியாதைக்கு இரண்டு வாய் குடித்தது.

(இவர் பெயரை எழுத எனக்கு இன்னும் கூச்சம். ரோடு வேலைக்கு மேஸ்திரி. அரியலூர் முழுக்க மேஸ்திரி என்றே கூப்பிடுகிறது, நோட்டிலும் அப்படியே இருக்கட்டும்.)

சாந்தா இவருடைய மூத்தாளின் மகள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதிமூன்று வயது. ஒரே ஒரு நாள்கூட என்னிடம் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

ஜூன் 11

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். நவம்பர் நடுவில் வலி எடுக்கும். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற சமயம், நல்ல அடைமழை.

ரோட்டிலிருந்து நம் வாசல்வரை நூற்றிருபது அடி. அத்தனையும் கரிசல். வெயிலில் கால் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஒரு மழைக்கு மெழுகாகிவிடும். மழைக்காலத்தில் என்னைப் பிரசவத்துக்குக் கூப்பிட வருகிற வண்டிகள் ரோட்டிலேயே நின்று குரல் கொடுக்கும். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவேன். ஆறு வருஷமாக அப்படித்தான்.

நான் போவது வேறு. சாந்தாவுக்கு ஏதாவது ஒன்று என்றால்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வாசலுக்கு வந்தாக வேண்டும், வந்தது வெளியேயும் போக வேண்டும்.

சாப்பிடும்போது சொன்னேன், "பாதையைக் கெட்டி பண்ணணுங்க. மழைக்கு முன்னாடி."

"பண்ணலாம்" என்றார். ஆறு வருஷமாகச் சொல்கிற அதே பண்ணலாம்.

ஜூன் 22, ஞாயிறு

அதே பண்ணலாம் இல்லை போலிருக்கிறது. இன்று ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார். கருங்கல் ஜல்லி, பெரம்பலூர்ப் பக்கத்துக் கல். நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல், வெள்ளைக்கல் என்பார்கள். சூளைச் செங்கல் இரண்டு. செந்துறைப் பக்கத்துச் செஞ்சரளை ஒரு கூடை.

புடவைக் கடையில் பெண்கள் உட்காருவதுபோல் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தார். சுண்ணாம்புக்கல் ஒன்றில் நத்தை மாதிரிச் சுருள் பதிந்திருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். "இத உடைக்க மனசு வரல."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் கல் உடைக்கச் சொல்கிறவர்.

ஜூலை 6, ஞாயிறு

சிமெண்ட் போடலாமே என்று கேட்டுவிட்டேன். அரைமணி நேரம் பாடம்.

சிமெண்ட் கண்ட்ரோலில் இருக்கிறது, பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை கிடைக்காது, அது ஒரு பக்கம். "கெடச்சாலும் வேணாம் வேணி. கரிசல் மூச்சு வுடுற மண்ணு. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேல சிமெண்ட்டப் போட்டு அமுக்குனா ரெண்டே வருஷத்துல வெடிச்சிப் போவும்."

கருங்கல் பலகை? ஈரத்தில் மாட்டு லாடம் வழுக்கும். செங்கல்? வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை ஏறி ஏறி மாவாகிவிடும். வெறும் ஜல்லி? கெட்டிதான், ஆனால் தூக்கித் தூக்கிப் போடும்.

"அப்போ எதுதாங்க போடுறது?"

"அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஜூலை 20

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் விடக்கூடாது.

கொல்லைப்புறத்தில் பத்துப் பத்தடிக்கு மூன்று விதமாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து வைத்திருந்தார். ஒன்றில் ஜல்லி, ஒன்றில் வெள்ளைக்கல் பொடி, ஒன்றில் செஞ்சரளை. அடுத்த தெரு வைரக்கண்ணு அண்ணன் வண்டியைக் கொண்டுவந்தார். என்னை வண்டியில் ஏறச் சொன்னார் மேஸ்திரி. ஏறினேன். ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் மொண்டு என் மடியில் வைத்தார்.

"எதுக்குங்க இது?"

"புள்ளத்தாச்சி மாதிரி உக்காரு. எங்க எவ்வளவு தளும்புதுன்னு பாப்போம்."

ஜல்லியில் பாதிக் குடம் என் புடவையில். வெள்ளைக்கல்லில் ஒரு சொம்பு போயிருக்கும். செஞ்சரளையில் விளிம்பில் ஆடியதோடு சரி. இதையே மூன்று தடவை செய்யச் சொன்னார். வைரக்கண்ணு அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். "நர்ஸம்மா, ஈரத்துணியோட எத்தினி தடவ ஏறி எறங்குவீங்க!"

முப்பத்தாறு வயதில் தெருவார் பார்க்க இப்படி நனைந்தேன். கோபமே வரவில்லை. மகளுக்காக ஒரு மனிதர் இவ்வளவு யோசிப்பாரா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திரம். ரயிலடியில் கொடி ஏற்றினார்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

மேஸ்திரி மிட்டாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்தார். பிறகு கயிறு பிடித்துப் பாதையை அளந்தார். ஐந்தாவது தடவை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று கத்திவிட்டேன். ஆவணி பாதி போய்விட்டது. அளக்கிறார், முளை அடிக்கிறார், முளையைப் பிடுங்குகிறார், திரும்ப அடிக்கிறார். மண்வெட்டியைத் தொடவில்லை.

"மத்தவங்க ரோட்டையெல்லாம் ஒரு மாசத்துல போட்டுடுறீங்க. பெத்த பொண்ணு வர்ற பாதைக்கு ஏன் இப்படி இழுக்குறீங்க?"

எழுந்து வெளியே போனார். சாப்பாடு அப்படியே இருக்கிறது.

நான் கேட்டதில் என்ன தப்பு? — தெரியவில்லை. ஆனால் அந்த முகம் கோபப்பட்ட முகம் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒருவழியாக வெட்ட ஆள் ஏற்பாடு செய்தார். ஏற்பாடு செய்துவிட்டு, உடையார்பாளையத்தில் வேலை இருக்கிறதென்று காலையிலேயே சைக்கிளில் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

வைரக்கண்ணு அண்ணனும் இன்னும் மூன்று பேரும் ரோட்டு முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்றரை அடி ஆழம், கரிசலை முழுக்க எடுத்துவிட வேண்டும். மத்தியானத்துக்குள் பாதி வந்துவிட்டது. பாதையோரத்து வேப்பமரத்துக்கு நேராக வந்ததும் அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன அண்ணே?"

"மேஸ்திரி சொல்லலியா ஒங்களுக்கு?"

இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை. மூத்தாள் குஞ்சம்மாள் இரண்டாவது பிரசவத்தில் ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்தாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். வழி என்றால் ரயில்வே கேட்டோ, பாலமோ என்று நினைத்திருந்தேன்.

"இங்கதாம்மா. என் வண்டிதான். அச்சாணி வரைக்கும் எறங்கிருச்சு. வெள்ளக்கல்லாப் பொறுக்கி சக்கரத்துக்கு அடியில போடுறோம், போடப் போட முழுங்குது. ஒரு மணி நேரம். உதிரம் நிக்கல. சாந்தா பாப்பா அந்த மரத்தடியில நின்னுகிட்டு இருந்துச்சு. எட்டு வயசு."

"அவர் எங்க இருந்தார்?"

"கங்கைகொண்ட சோழபுரம் பக்கம். ரோடு போட்டுக்கிட்டு இருந்தாரு."

அதே நாள், சாயங்காலம்

போன வாரம் நான் கத்தியது காதிலேயே இருக்கிறது. வாயைத் தைத்துக்கொள்ளலாம்.

மரத்துக்கு நேரே ஆறடியை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி முடித்ததும் ஆட்களை அனுப்பிவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். சைக்கிளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் பள்ளத்தில் இறங்கி நடந்து வந்தார். வெட்டாத இடத்துக்கு முன்னால் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வைரக்கண்ணு சொல்லிட்டானா?"

"சொன்னாரு."

"பதினோரு வருசமா இந்த மண்ண வெட்டணும்னு மம்புட்டியத் தூக்குவேன். கை வராது வேணி. எத்தினி மைலு போட்டிருக்கேன் தெரியுமா? எத்தினி மைலு..."

உள்ளே போய் இரண்டு மண்வெட்டி எடுத்து வந்தேன். ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். முதல் வெட்டை நான் போட்டேன். மண் இறுகிக் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "கால அகட்டி நில்லு, இல்லன்னா கால்ல போட்டுக்குவே" என்று சொல்லிக்கொண்டே தானும் வெட்ட ஆரம்பித்தார். ஆறடியையும் நாங்களே வெட்டினோம். அவர் அழுதார். நான் பார்க்காத மாதிரி வெட்டினேன்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நாளைக்கு எந்தப் பிள்ளையும் பிறக்காமல் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 8

பிறந்தது. ஆண். கையில் துணி சுற்றிக்கொண்டு போனேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அடியில் மருதையாற்று மணல் அரை அடி. அதன்மேல் பெரிய சுண்ணாம்புக்கல்லைக் கையால் நெருக்கமாக அடுக்கியாயிற்று. அதன்மேல் கருங்கல் ஜல்லி, இடுக்கெல்லாம் நிரம்ப. இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடக் கால்வாய். மேல்பூச்சுதான் பாக்கி.

ரோடு உருளையை ஒரு நாள் எடுத்து வரக்கூடாதா என்று வைரக்கண்ணு அண்ணன் கேட்டார். "அது ஊரு உருளை" என்று முடித்துவிட்டார் மேஸ்திரி. திமிசுக்கட்டையால்தான் இடிக்கிறார்கள். வீடே அதிர்கிறது. பாத்திரங்கள் பேசுகின்றன.

மேலே எது என்பதில் திரும்பவும் தயக்கம். குடம் சொன்னது செஞ்சரளை. ஆனால் செந்துறையிலிருந்து பத்து வண்டி வரவேண்டும், மாடுகள் எல்லாம் உழவுக்குப் போய்விட்டன. வெள்ளைக்கல் பொடி இங்கேயே கிடைக்கிறது, நாளைக்கே போட்டு முடிக்கலாம். காலம் நெருங்குகிறது. வெள்ளைதான் என்று முடிவு.

செப்டம்பர் 28, ஞாயிறு

சாந்தா வந்துவிட்டாள். பெரம்பலூரிலிருந்து பஸ், இறங்கிய இடத்திலிருந்து வைரக்கண்ணு அண்ணன் வண்டி. ஏழாம் மாசத்து வளையல் இரண்டு கையிலும் குலுங்குகிறது. கன்னம் ஒட்டியிருக்கிறது, கால் வீக்கம் இல்லை. முதலில் காலைத்தான் பார்த்தேன். தொழில் புத்தி.

ரோட்டிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். பாதையைப் பார்த்தாள். ஓரத்தில் குவித்திருந்த வெள்ளைக்கல் பொடியைப் பார்த்தாள்.

"இதத்தான் மேல போடப் போறீங்களாப்பா?"

"ஆமாம்மா. வெயில்ல நல்லா இறுகும்."

"வெள்ளக்கல்லு வேணாம்பா."

அவ்வளவுதான் சொன்னாள். கண் வேப்பமரத்தடிக்குப் போனது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் அங்கே இடமில்லை என்று பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 29

மேஸ்திரி விடிந்ததும் செந்துறைக்குக் கிளம்பிவிட்டார். சரளை இல்லாமல் திரும்ப மாட்டார்.

வீட்டில் நானும் சாந்தாவும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவா என்றேன். படுத்தாள். குழந்தை நன்றாக உதைக்கிறது. நான் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மேலே கூரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அன்னிக்கி நீங்க எங்க இருந்தீங்க?"

"என்னிக்கி?"

"எங்கம்மா போனன்னிக்கி."

அப்போது எனக்கு இவளை, இவள் அப்பாவை, இந்த ஊரையே தெரியாது. திருச்சியில் பயிற்சியில் இருந்தேன். அதைச் சொன்னேன். "இருபத்தஞ்சு வயசு எனக்கு. பிரசவம் பாக்கக் கத்துக்கிட்டு இருந்தேன்."

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றாள்.

என்ன அநியாயமான பேச்சு. எவ்வளவு நியாயமான பேச்சு! அடுப்படியில் போய் நின்று அழுதேன். ஆறு வருஷமாக அவள் மனசில் இருந்தது வெறுப்பு என்று நினைத்திருந்தேனே.

அக்டோபர் 9

ஒன்பது வண்டி சரளை வந்துவிட்டது. பத்தாவது வண்டி வழியில் அச்சு முறிந்து நிற்கிறதாம். ஒன்பதில் ஒப்பேற்றலாம் என்கிறார்.

சாந்தா மர நிழலில் மணைக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு அப்பாவை வேலை வாங்குகிறாள். "அங்க பள்ளமா இருக்குப்பா. இல்ல, அங்க இல்ல." நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. தண்ணீர் தெளிக்கத் தெளிக்கச் சரளை இரத்தினம் மாதிரிச் சிவக்கிறது. "நல்லாருக்கு இல்லீங்க?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

முதல் மழை. நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிக் கால்வாயில் விழுந்தது. மேஸ்திரி குடைகூட இல்லாமல் ரோடுவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். காலைத் தூக்கிக் காட்டினார். சேறு இல்லை. வயசு ஐம்பத்திரண்டு.

நவம்பர் 16, ஞாயிறு

விடாத மழை. இரண்டு பக்கத்துக் கரிசலும் குழைந்து கிடக்கிறது. பாதையில் ஓரிடத்தில் ஒரு சாண் அளவுக்குச் சரளை அரித்திருந்தது, உடனே அடைத்துவிட்டார். சாந்தாவுக்கு இடுப்பு கனக்கிறதாம்.

நவம்பர் 20, வியாழன்

இரண்டு நாளாக எழுத நேரமில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

திங்கள் மத்தியானம் வலி எடுத்தது. செவ்வாய் விடிந்தும் தலை இறங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். எட்டு மணிக்குக் காது வைத்துக் கேட்டபோது குழந்தையின் துடிப்பு தொய்ந்திருந்தது. முந்நூறு பிரசவத்துக்கு மேல் பார்த்த கை இது. இதற்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதற்குத் தெரிந்தது.

வெளியே வந்து மேஸ்திரியிடம், "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். இப்பவே" என்றேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே இறங்கி ஓடினார். பத்து நிமிஷத்தில் வைரக்கண்ணு அண்ணனின் கூண்டு வண்டி வாசற்படியை ஒட்டி வந்து நின்றது. ரோட்டில் இல்லை. வாசற்படியை ஒட்டி.

வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். நான் உள்ளே அவள் தலைமாட்டில். வண்டி நகர்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"வேப்பமரம் வந்திருச்சா?"

"இன்னும் இல்ல."

"சித்தி, கையை வுட்டுடாதீங்க."

"வுட மாட்டேன்டி."

மரத்தைத் தாண்டும்போது நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். சக்கரத்துக்கு அடியில் சரளை நறநறவென்றது. மேஸ்திரி மழையில் சக்கரத்தைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். பிடிக்கத் தேவையே இல்லை. மாடு தன் பாட்டுக்குப் போனது.

"எங்க இருக்கோம்?" என்றாள்.

"செந்துறை ரோட்டுல ஏறிட்டோம்."

கண்ணைத் திறந்தாள். அந்த வலியிலும் ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பார்த்ததும் ஆயுதம் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார்கள். பதினொன்றே காலுக்குப் பிறந்தது. அழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா முதுகில் தட்டினார். பதினாறு எண்ணும்போது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

பெண் குழந்தை. நெற்றியின் இரண்டு பக்கமும் ஆயுதம் பட்ட சிவப்பு. ஒரு வாரத்தில் போய்விடும்.

இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், நிறுத்திக்கொண்டார்கள்.

வெளியே வராந்தாவில் மேஸ்திரி சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். என் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டிசம்பர் 1, திங்கள்

தாயும் பிள்ளையும் வீட்டில். சாந்தா பத்தியச் சாப்பாட்டைக் குறை சொல்கிறாள். பூண்டு அதிகமாம், உப்பு போதவில்லையாம், எனக்குக் கைப்பக்குவமே இல்லையாம். இரண்டு நாளாகப் பெரிய சண்டை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

டிசம்பர் 17

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. வாயு என்கிறார் மேஸ்திரி. அவருக்கு என்ன தெரியும்?

1948 ஜனவரி 25, ஞாயிறு

மூன்றாம் மாசம் நடக்கிறது. நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வெள்ளைச்சாமி அழைத்துப்போக வந்துவிட்டார். வசம்பு, உரைமருந்து, கஸ்தூரி மாத்திரை, பழைய வேட்டி கிழித்த துணிகள், எல்லாம் ஒரு மூட்டை. எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று நான் மூன்றாவது தடவை சொன்னபோது, "நீங்களே வந்து இருந்துட்டுப் போங்க சித்தி, மாசியில" என்றாள் சாந்தா. சரி என்றேன்.

மூட்டையை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி, யாரும் கேட்காமல், திடீரென்று ஆரம்பித்தார்.

"ஒங்கம்மா இருக்காளே, கல்யாணமான புதுசுல நான் போட்ட ரோட்டப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. கூட்டிக்கிட்டுப் போனேன். அன்னிக்கிதான் உருளை ஓட்டி முடிச்சிருந்துச்சு. ரோட்டப் பாத்தவ செருப்பக் கழட்டிக் கையில புடிச்சிக்கிட்டா. ஏன்டின்னா, 'புதுசா மெழுகுன வூட்டுல யாராவது செருப்போட நடப்பாங்களா'ங்கிறா! ரெண்டு மைலு வெறுங்காலோட நடந்தா. எதுத்தாப்புல ஒருத்தன் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தான். அவங்கிட்ட, மாட்ட ஓரமா ஓட்டுய்யா, அழுக்காவுதுன்னு சண்ட!"

சாந்தா கேட்டிராத கதை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வைரக்கண்ணு அண்ணன், "அந்த வண்டிக்காரன் நாந்தாம்மா" என்றதும் மாப்பிள்ளைகூட உரக்கச் சிரித்துவிட்டார். சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்கள். ரோடுவரை கூடப் போனோம். வண்டி திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றோம்.

வீட்டுக்கு வந்து இலை போட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அவளுக்குப் பாவக்கா குழம்புன்னா உயிரு" என்றார்.

"யாருக்கு? சாந்தாவுக்கா?"

"குஞ்சம்மாளுக்கு."

"அப்படியா? எப்படி வைப்பாங்க?"

சொன்னார். அதிலிருந்து அவளுடைய அண்ணன்மார், அங்கிருந்து கல்யாணத்தன்று பெய்த மழை, அவள் வளர்த்த வெள்ளாடு என்று போய்க்கொண்டே இருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு ஆறி ஏடு கட்டிவிட்டது. சூடு பண்ண எழுந்திருக்கவில்லை.